முப்பத்தேழு பேரும் ஒரு லைசென்ஸும்

என் மனைவி மருந்துக் கடை வைத்திருக்கிறாள். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "யார் பேரும் வரக் கூடாது. யார் என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு ஊருக்குச் சொல்றது என் வேலை இல்ல. உங்க வேலையும் இல்ல." சரி என்று தலையாட்டினேன். பெயர் போடாமல் எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவளே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். வம்பு வந்ததே அதனால்தான்.

அவள் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவள் கடை பத்தடி அகலம்தான். ஆனால் ஒரு மாத்திரை அட்டை இடம் மாறி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி தொங்கும். காலையும் மாலையும் அதைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் குறிப்பாள். தேதி முடிந்த மருந்துக்குத் தனிப் பெட்டி. வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

வாடிக்கையாளர் கண்ணில் படும்படி லைசென்ஸை மாட்ட வேண்டும் என்பது சட்டம். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறாள். புகைப்படம், பதிவு எண், முழுப் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை ஒருவர் படித்து நான் பார்த்ததில்லை. ஓர் அம்மா அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார், அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. நான் ஜெராக்ஸ். பெரியவர்களுக்கு ஜெராக்ஸ் தம்பி, சின்னவர்களுக்கு ஜெராக்ஸ் அண்ணா. மகளுக்கு அப்பா, மனைவிக்கு 'ஏங்க'. பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் ஒன்று எனக்கும் இருக்கிறது. அதை என்னிடம் ஒழுங்காக ஞாபகம் வைத்திருப்பது மின்கட்டண ரசீது மட்டும்தான்.

அந்த லைசென்ஸுக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அப்போது என் கடை, லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு எதிரில் இருந்தது. படிப்பையும் பயிற்சியையும் முடித்துவிட்டு, மருந்தாளுநராகப் பதிவு செய்ய வந்தவள், சான்றிதழை நகல் எடுக்க என்னிடம் நீட்டினாள். நான் இயந்திரத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே மூடியை மூடினேன். சான்றிதழ் கோணலாக விழுந்து, அவள் பெயரில் கடைசி இரண்டு எழுத்தும் முத்திரையில் பாதியும் காணாமல் போயின. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புயல் மாதிரி திரும்பி வந்தாள்.

"பேரைப் பாதியில வெட்டியிருக்கீங்க. நான் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் முகத்தில் அசடு வழிந்தது. நான்கு நகல் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்றேன். காசை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம். "வேலையில கவனம் இல்லாத ஆளைத் தெரிஞ்சே கட்டிக்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இனி அந்தப் பெயர் விவகாரம். கடை திறந்த முதல் வருடம், ஒரு மாலை நேரம், கூட்டம். ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. சர்க்கரை மாத்திரைப் பொட்டலத்தைக் கட்டி வைத்துப் பெயரைக் கூப்பிட்டாள். ஜலதோஷத்துக்கு மருந்து வாங்க வந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொருவர், "என்னோடது இன்னும் வரலையா?" என்றார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடி வெள்ளைக் கோட்டோடு தெருவில் ஓடினாள். செருப்பு ஒன்று என் கடை வாசலில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பிய பேருந்தில் தொற்றி ஏறி, பொட்டலத்தைப் பிடுங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"இனிமே பேரை நம்ப மாட்டேங்க. ஆளைத்தான் நம்புவேன்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு பெயர் வைத்தாள். கல்லாவுக்கு முன்னால் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்களோ அதுதான் பெயர். மாத்திரையை மூன்று முறை எண்ணிப் பார்ப்பவர் 'மூணு எண்ணி'. காத்திருக்கும் நேரமெல்லாம் விசில் அடிப்பவர் 'விசில்'. எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பவர் 'அப்புறம்'. மேல்மாடியில் குடியிருக்கும் ஆசிரியை, படியில் இறங்கும்போதே கேள்வி கேட்டுக்கொண்டு வருவதால் 'பாதிப் படி டீச்சர்'. பெயருக்கு உரியவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

இதுவரை பிழை இல்லை. பிழை எங்கே என்றால், தூக்க மாத்திரை, கடுமையான வலிக்கான மாத்திரை இவற்றுக்கெல்லாம் தனிப் பதிவேடு ஒன்று உண்டு. யாருக்கு, எந்த மருத்துவர் சீட்டுக்கு, எத்தனை கொடுத்தோம் என்று அதில் எழுத வேண்டும். தெருவில் எதிர்ப்பக்கம் இருக்கும் மருத்துவரின் கையெழுத்தோ, மை கொட்டிய இடத்தில் கோழி நடந்த மாதிரி இருக்கும். மருந்துப் பெயரை அவள் எப்படியும் படித்துவிடுவாள். அவர் எழுதுகிற மருந்துகள் ஐம்பதோ அறுபதோதான். ஆள் பெயருக்கு அப்படி எல்லை உண்டா? அதனால் பதிவேட்டிலும் தனக்குத் தெரிந்த பெயரையே எழுதிக்கொண்டு வந்தாள்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு வந்த ஆய்வாளர்கள் குளிர்பெட்டியைப் பார்ப்பார்கள், பதிவேட்டில் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை வந்தவர் புதியவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. குளிர்பெட்டிக்குச் சொந்தமாக ஒரு வெப்பமானி கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டியதும் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். தேதி பார்த்தார், ரசீது பார்த்தார், தட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். கடைசியில் பதிவேட்டைப் பிரித்தார்.

"இது என்னம்மா? 'மூணு எண்ணி'... பத்து மாத்திரை?"

"அவர் அப்படித்தான் சார், மூணு தடவை எண்ணுவார்."

"'விசில்'?"

விசில் அப்போது அவர் பின்னாலேயே நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் நின்றது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வாளர் விடவில்லை, பக்கத்தைத் திருப்பினார்.

"சரி, இது யாரு? 'ஏங்க'?"

அவர் அதைச் சத்தமாக வேறு சொல்லிவிட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த நான், பழக்க தோஷத்தில், "என்ன?" என்று குரல் கொடுத்தேன்.

கடையே சிரித்தது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை. அதற்கு முந்தைய வாரம் வலியால் தூக்கம் வரவில்லை. பயத்தால் என்பது என் மனைவி தரப்பு. மருத்துவர் ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத்தான் அவள் 'ஏங்க' என்று பதிந்திருக்கிறாள்.

"சீட்டைப் பாத்துப் பேரை எழுத வேண்டியதுதானே?" என்றார் ஆய்வாளர். விசில் கையில் இருந்த இருமல் மருந்துச் சீட்டை வாங்கி அவள் நீட்டினாள். அவர் நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பேசாமல் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் பிடி தளரவில்லை. "கடந்த ஆறு மாசத்துல முப்பத்தேழு பேர் இருக்காங்க. அத்தனை பேருக்கும் உண்மையான பேர் வேணும். பத்து நாள் டைம். இல்லன்னா புதுப்பிக்க முடியாது, கடையை மூட வேண்டியதுதான். யாருக்குக் குடுத்தோம்னே தெரியாம இந்த மாத்திரையெல்லாம் குடுக்க முடியாதும்மா."

கடையை மூட வேண்டும் என்றதைக் கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் குத்திவிட்டது. அவர் போனதும் என் கடைக்கு வந்து, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"யாருக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியாதாம்ங்க. எனக்கா தெரியாது?"

கண் கலங்கியிருந்தது. என் மனைவி கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், கலங்கிப் பார்த்ததில்லை. எனக்கு அந்த ஆய்வாளரை இயந்திரத்தில் போட்டு நூறு நகல் எடுத்து, நூறையும் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அது முடியாது என்பதால் யோசனை சொன்னேன். "இந்த வாரம் அடையாள அட்டை நகல் இலவசம்னு ஒரு போர்டு வைக்கிறேன். எல்லாரும் வருவாங்க. பேரை நான் குறிச்சுக்கறேன்."

"திருட்டுத்தனமா பேர் எடுக்கறதுக்கு நான் கடையை மூடிட்டே போவேன். நேராக் கேப்பேன்" என்றாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது அன்று அது இரண்டாவது முறை.

நேராகக் கேட்பது சொல்வதற்குத்தான் சுலபம். இருபது வருடமாக வருகிறவரிடம், மூல நோய் முதல் மூட்டு வலி வரை எல்லாம் தனக்குத் தெரிந்தவரிடம், "உங்க பேர் என்ன?" என்று எப்படிக் கேட்பது? முதல் ஆள் மூணு எண்ணி. "என் பேர் தெரியாதா?" என்று மாத்திரையை நான்காவது முறை எண்ண ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்பவர் பெயரைச் சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்றார். அப்பா பெயரையும் விலாசத்தையும் வாங்கிய பிறகும், "அப்புறம்?" என்றார்.

பாதிப் படி டீச்சர்தான் மடக்கினார். "பதினெட்டு வருஷமா வர்றேன், என் பேர் தெரியாதுன்னா எப்படி?"

"என் பேர் உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மருந்தக்கா" என்றார் மெதுவாக.

என் மனைவி தலைக்கு மேலே கை காட்டினாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லைசென்ஸை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அட, எவ்வளவு அழகான பேர்! இதை வெச்சுக்கிட்டா மருந்தக்கான்னு கூப்பிட விட்டீங்க?" என்றவர், தன் பெயரைச் சொல்லி, எழுத்துப்பிழை வராமல் இருக்கப் பதிவேட்டை எட்டிப் பார்த்துத் திருத்தியும் கொடுத்தார்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. அடுத்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் முதலில் சுவரைப் படித்தார்கள், பிறகு தங்கள் பெயரைச் சொன்னார்கள். மாத்திரை வேண்டாதவர்கள்கூடப் பெயர் கொடுத்துவிட்டுப் போக வந்தார்கள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பெயர் நாளைக்கு நாற்பது தடவை என் காதில் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன? அவள் வீட்டுப் பெரியவர்கள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருவன்தான் இருந்தேன். அது என் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் விசில் வந்தார். வாசலில் இருந்து சத்தமே இல்லாமல் வந்து நின்றார். பெயரைச் சொன்னார். பிறகு தயங்கி, "நான் விசில் அடிக்கிறது தொந்தரவா இருக்காம்மா?" என்றார்.

"ஐயோ, அடிங்க சார். அடிக்கலன்னா வந்திருக்கிறது நீங்கதான்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

பதிவேட்டில் வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது. பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்த எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு, பெயர் எழுதிக்கொண்டு வந்தாள்.

பத்தாம் நாள் ஆய்வாளர் வந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. திருத்திய பக்கங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் நின்றுவிட்டார். விரல் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் போனது. முன் பக்கத்துக்குப் போனது, திரும்பி வந்தது.

"என்னம்மா இது? இந்த ஆள் ஒரே மாசத்துல மூணு தடவை தூக்க மாத்திரை வாங்கியிருக்கார்! இதுக்கு நான் மேலிடத்துக்கு எழுதணும்."

"மூணு தடவை இல்ல சார். மூணு பேர்."

"மூணு பேரா? ஒரே பேர்தானே இருக்கு?"

"பேர் ஒண்ணுதான் சார், ஆள் மூணு."

ஆய்வாளர் முறைத்தார். மூன்று பேருக்கும் ஒரே பெயர் என்று அவளுக்கே இந்தப் பத்து நாளில்தான் தெரியும். அந்தப் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. தெருவில் கல் எறிந்தால் அந்தப் பெயர்க்காரர் மேல்தான் விழும் என்று மட்டும் சொல்கிறேன். ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தெருமுனையிலிருந்து ஒரு பாட்டு விசிலில் மிதந்து வந்தது. என் மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இதோ வர்றாரு சார், மூணுல ஒருத்தர்."

விசில் உள்ளே வந்து அன்றைய தேதி போட்ட சீட்டை நீட்டினார். ஆய்வாளர் அவர் பெயரைக் கேட்டார், பதிவேட்டைப் பார்த்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானே வாங்கினீங்க?"

"நானா? நான் போன மாசம் வாங்கினது நேத்தோட தீந்துபோச்சே!"

என் மனைவி பதிவேட்டைத் திருப்பி, இரண்டு வாரத்துக்கு முந்தைய வரியில் கோட்டுக்குக் கீழே படுத்திருந்த பழைய எழுத்தைக் காட்டினாள். 'அப்புறம்.' அதற்கு முந்தைய வரியில் 'மூணு எண்ணி.' முன் பக்கத்தில் 'விசில்.' "பேரை மட்டும் பாத்தா நீங்க இவரைத் திருப்பி அனுப்பியிருப்பீங்க சார். இல்ல, ஒருத்தருக்கே மூணு தடவை குடுத்தேன்னு என்னைப் பிடிச்சிருப்பீங்க. யாருக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும் சார்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவள் பதிவேட்டை விரலால் தட்டினாள். ஆய்வாளர் கொஞ்ச நேரம் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். சிரித்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. பேர் கட்டத்துல பேரை எழுதுங்க, விலாசத்தோட. கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் சும்மா கிடக்குது பாருங்க, அதுல உங்க பேரை எழுதிக்குங்க. எந்தச் சட்டமும் தடுக்கலை."

பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போன கை நின்றது. எண்ணினார்.

"முப்பத்தாறுதான் இருக்கு. ஒண்ணு பாக்கி."

நான் தடுப்பு ஓரத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். யாரை விட்டாள்? ஒருவர் விடாமல் கேட்டாளே!

"நாலு மாசத்துக்கு முன்னாடி. அஞ்சு மாத்திரை. 'ஏங்க'" என்றார் ஆய்வாளர்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வந்தவர்களிடம் எல்லாம் பெயர் கேட்டவள், பக்கத்துக் கடையில் இருப்பவனிடம் போய்க் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தெரிந்த பெயர்தானே, கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். விட்டது மறந்தும் போயிருக்கிறது.

"பேர் சொல்லுங்கம்மா. இது இல்லாம முடியாது."

அந்தப் பக்கம் பதிவேட்டை இழுக்கும் சத்தம் வந்தது. பிறகு ஒரு பெயர் கேட்டது. யாரோ வாடிக்கையாளர் பெயர் என்றுதான் நினைத்தேன். என் கடைக்கு வந்திருந்தவர்கூட, "யாரையோ கூப்பிடுறாங்க" என்றார். ஆய்வாளர், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவள் இந்த முறை எழுதிக்கொண்டே, எழுத்து எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.

அப்போதுதான் உறைத்தது. அது என் பெயர்.

அன்றைக்கு "ஏங்க" என்றதும் "என்ன?" என்று கத்தினவனுக்கு, இன்றைக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள் குரலில் என் பெயரை நான் கேட்டதே இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மின்கட்டண ரசீதில் அது இப்படி இருந்ததே இல்லை.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "இந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் மட்டும் குடுங்க" என்றார். அவளே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "ஏங்க, இதை ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

வாங்கி இயந்திரத்தில் வைத்து மூடியை மூடினேன். நகல் வந்தது. எடுத்துப் பார்த்தாள். பக்கம் கோணலாக விழுந்திருந்தது. முத்திரையில் பாதி இல்லை. என் பெயரில் கடைசி எழுத்தும் இல்லை.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"இன்னுமா?" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு, சரியா எடுக்கறேன்" என்றேன்.